ஷூவோடு சோதித்த மைக்

எனக்கு எலக்ட்ரிக் வேலை தெரியாது என்று யாராவது சொன்னால் கோபம் பொத்துக்கொண்டு வரும். (சோறு போடுவதே அந்த வேலைதான்.) என் மனைவி சொன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை. ஆயுத பூஜைக்கு மைக் செட் என் பொறுப்பு. கடவுள் வாழ்த்துப் பாட அசெம்பிளி லைனில் வேலை செய்த பென்னலூர்க்காரி மலர்விழி. ஷிப்ட் பஸ்ஸில் அவள் முணுமுணுக்கும் பாட்டுக்காகவே என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கியவன் நான். அவளிடம் எப்படியாவது நல்ல பேர் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

முதல் நாள் ஸ்பீக்கரில் 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். ஆம்ப்ளிஃபையர் பிளக்கில் எர்த் ஒயரைக் கழற்றினேன். இரைச்சல் நின்றது! மைக்கைப் பிடித்து "ஹலோ, செக்" என்றேன். கணீரென்று கேட்டது. ஆகா, என்னா மூளை! (மைக்கில் கரண்ட் கசிந்தால் அதைத் தரைக்குள் இழுத்துக்கொண்டு போவதே அந்த ஒயர்தான் என்று ஐடிஐயில் படித்தவன்தான் நானும்.)

மறுநாள் மேடையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள், ஈரம் காயவில்லை. சாமி படம் இருந்ததால் மலர்விழி வெறுங்காலோடு ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"யம்மாடி!"

அலறல் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. மைக் கீழே விழுந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க, பயத்துல அப்டி தோணுது. பாருங்க, நான் புடிச்சிகினுதானே கீறேன்?"

அவள் கையை உதறிக்கொண்டே என் காலைப் பார்த்தாள். ஓடி வந்த அவசரத்தில் கழற்ற மறந்த சேஃப்டி ஷூ, அடியெல்லாம் ரப்பர். நேற்று சோதித்ததும் அதே ஷூவோடுதான்.

"ஷூவ கழட்டிட்டுப் புடிங்க."

ஊரே பார்க்கிறது. கழற்றினேன், பிடித்தேன். அடுத்த நொடி நான் போட்ட ஆட்டத்தை கேன்டீன் அண்ணன் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்.

"இன்னாடா பண்ணி வச்சிகிற?" என்று சூப்பர்வைசர் கத்தினார். உண்மையைச் சொன்னேன். அவர் பக்கத்திலேயே நின்று எர்த்தை மாட்டவைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ரப்பர் மேட் போட்ட பிறகுதான் மலர்விழியை மறுபடி ஏற்றினார். அவள் கை மைக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உயிரே போயிருக்கும்.

'ங்ங்ங்' இரைச்சலோடுதான் பாடினாள். அதற்கப்புறம் எத்தனையோ கச்சேரி கேட்டுவிட்டேன். அந்தப் பாட்டு மாதிரி ஒன்று அமையவே இல்லை. என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்க அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

போன வாரம் மகளின் சைக்கிளுக்கு பிரேக் சரிசெய்தேன். "ஏறும்மா, அப்பா பாத்துட்டேன்" என்றேன்.

"ஷூவ கழட்டிட்டுப் பாத்தியாப்பா?"

சமையலறையில் மலர்விழி சிரிப்பது கேட்டது. ரோஷத்தோடு குனிந்து பிரேக்கை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன். லூஸாகத்தான் இருந்தது.