கதவை ஆபீசுக்குக் கொண்டுவந்த நகவெட்டி சார்

போர்ட் பிளேரில் மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் காணாத ஒரே அரசு அதிகாரி எங்கள் நகவெட்டி சார்தான். எதிரே யார் வந்தாலும் அவர் பார்வை நேராகக் கைக்குப் போகும். நகத்தைப் பார்த்த பிறகுதான் "சொல்லுங்க" என்பார்.

ஆதரவற்ற முதியவர்களையும் மனநலம் குன்றியவர்களையும் பராமரிக்கும் இல்லங்களைச் சோதிப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. அவர் ஆய்வு அதிகாரி, நான் அறிக்கை தட்டும் கிளார்க். வேலையில் சேர்ந்த அன்று "கையைக் காட்டும்மா" என்றார். ஜோசியம் பார்க்கிறார் என்று நினைத்து, கல்யாணம் எப்போது ஆகும் என்று கேட்டுவிட்டேன்.

"அது தெரியாது. சுண்டுவிரல்ல அழுக்கு இருக்கு" என்றார்.

மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு பெரிய அதிகாரி கைகுலுக்க வந்தபோது, பிடித்த கையை விடாமல் திருப்பிப் பார்த்து, "சாப், கட்டைவிரல்ல சீழ் வைக்குது, இன்னைக்கே டாக்டரைப் பாருங்க" என்று எச்சரித்தவரும் இவர்தான்.

அவர் சொல்லும் காரணம் எளிமையானது. "ரெஜிஸ்டரை எவன் வேணா நிரப்பலாம்மா. ஒருத்தர் நகம் ஒழுங்கா இருந்தா, அவர் கையை யாரோ அப்பப்பப் புடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

விஷயம் பரவிவிட்டது. எங்கள் ஜீப் கிளம்பினாலே இல்லங்களில் அவசர அவசரமாக நகம் வெட்ட ஆரம்பித்தார்கள். சார் சளைக்கவில்லை, கால்விரல்களுக்கு மாறினார். அதற்கும் தயாராகிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஜீப்பையே விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போனார். ஃபைல்களை மார்போடு அணைத்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் பத்துபஸ்தியில் ஓர் இல்லத்துக்குள் நுழைந்தோம். எனக்கு அது புது இடமில்லை. மூன்று மாதம் முன்பு சார் லீவில் இருந்ததால் என்னைத் தனியாக அனுப்பியிருந்தார்கள். டீ குடித்துவிட்டு, "திருப்திகரம்" என்று நான் எழுதிக் கொடுத்த இடம் அது.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நகங்கள் சுத்தம். ஆனால் பட்டியலில் பன்னிரண்டு பேர், பந்தியில் பதினொரு பேர்.

"இன்னொருத்தர் எங்க?" என்றார் சார்.

மேனேஜர் பின்பக்கம் போய் ஐம்பது வயதுப் பெண் ஒருவரைக் கூட்டி வந்தார். "கூங்கி ஹை சார், வாய் பேசாது. பேர்கூடத் தெரியாது" என்றார். என் அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது: பேச இயலாதவர்.

சார் அவர் கைகளை வாங்கிப் பார்த்தார். இடது கை நகங்கள் வளர்ந்து வளைந்திருந்தன. வலது கையில் நகமே இல்லை, சதையோடு தேய்ந்துபோயிருந்தது. விரல்நுனிகளில் பச்சைப் பெயிண்ட். சார் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். அந்தக் கட்டடத்தில் ஸ்டோர் ரூம் கதவு மட்டும்தான் பச்சை.

"உதர் குச் நஹி சார், அங்க பழைய சாமான்தான்" என்று மேனேஜர் முன்னால் ஓடினார்.

சார் கதவைத் திறந்து அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தரையில் உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில் பெயிண்ட் உரிந்து மரம் தெரிந்தது. கீறல் மேல் கீறல். பக்கத்தில் ஒரு பாய், ஒரு தட்டு.

"கத்திக்கிட்டே இருக்கும் சார். மத்தவங்க சாப்பிடறப்ப மட்டும் கொஞ்ச நேரம்…"

"வாய் பேசாதுன்னீங்களே?"

மேனேஜர் குனிந்து தட்டை எடுத்து மறைக்கப் பார்த்தார்.

சார் தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மாளையும் உட்காரவைத்து, சட்டைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். "வலிச்சா சொல்லும்மா" என்று தமிழில் சொன்னார். மூன்று விரல்கள் முடிந்தன. நான்காவது விரலில் அந்த அம்மாள் கையை இழுத்துக்கொண்டார்.

"பைய வெட்டுங்க" என்றார்.

 பெயர் கேட்டதற்கு ராசம்மா என்றார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம், சொந்தம் என்று யாரும் மிச்சமில்லை. அந்த இல்லத்தில் எல்லோரும் இந்தியில் அதட்டியிருக்கிறார்கள். தமிழில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவள் நான். நானும் கேட்கவில்லை.

ராசம்மாவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். போலீசுக்கு எழுதிய கையோடு, ஒரு தச்சரை அழைத்துக் கதவைக் கழற்றி, குட்டி லாரியில் ஏற்றி ஆபீசுக்கே கொண்டுவந்துவிட்டார் சார். அது பீரோவை மறைத்துக்கொண்டு நின்றது. ஃபைல் எடுக்க நாங்கள் பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர வேண்டியிருந்தது.

"யே க்யா ஹை? என்ன இது?" என்று கத்தினார் மேலதிகாரி.

"வாக்குமூலம் சார். அந்தம்மா தன் கையாலயே எழுதினது."

"எச்சரித்து விட்டோம்னு எழுதி முடிங்க."

"முடிக்கிறேன் சார். விசாரணை முடியட்டும்."

சான்றிதழ் வாங்க வந்தவர்களெல்லாம் அது என்ன கதவு என்று கேட்க, சார் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னார். தாங்க முடியாமல் மேலதிகாரி விசாரணைக்குத் தேதி குறித்தார்.

மேனேஜர் என்னுடைய பழைய அறிக்கையைத்தான் ஆதாரமாகக் காட்டப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். "வேலை போயிடுமா சார்?" என்று அழுதேன்.

"போகலாம்மா. ஆனா நடந்ததைச் சொல்லு."

சொன்னேன். அந்த அம்மாளைத் தூரத்தில் நின்றே பார்த்ததை, ஒரு வார்த்தை பேசாததை, ஸ்டோர் ரூமைத் திறக்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணை அறையில் சாருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நான் முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.

எனக்கு மெமோ வந்தது, வேலை தப்பியது. இல்லத்தின் அனுமதி ரத்தாகி, பன்னிரண்டு பேரும் மின்னி பே பக்கம் வேறோர் இல்லத்துக்குப் போனார்கள். மேனேஜர் மீதான வழக்கு இன்னும் நடக்கிறது. ராசம்மா இப்போது பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. சாம்பாரில் தொடங்கி என் புடவைக் கலர் வரை எல்லாவற்றின் மேலும் புகார்தான்.

சார் ஓய்வு பெற்று, மகளோடு இருக்க மெயின்லேண்டுக்குக் கப்பலேறிய அன்று, ராசம்மாவையும் ஹேடோ துறைமுகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். கப்பல் நகர்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப வருவாரு?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், "அடுத்த கப்பல்லம்மா" என்றேன்.

பொய்தான். ஆனாலும் அதற்குப் பிறகு எந்தக் கப்பல் வந்தாலும், இறங்குகிறவர்களை நானும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.