அடிவானத்தின் புள்ளி

"ஏங்க, புள்ளி எங்க?"

ஏணி என்று எல்லாரும் கூப்பிடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். நீலப் பலகையின் மேல்விளிம்பில், அவர் கையாலேயே அடித்த மர எழுத்துகள் நின்றன: 'அடிவானம'. தொடர் தயாரிக்கும் கம்பெனியின் பெயர். இனி ஒவ்வொரு தொடரின் முடிவிலும் டிவியில் வரப்போகிற சின்னம்.

"அடிவானம..." என்று இழுத்தாள், அங்கேயே துணி தைக்கும் அவர் மனைவி. "வாய மூட முடியலயே!"

பன்னிரண்டு வருஷம் அங்கே ஏணி தூக்கியே பெயரும் ஏணியாகிப் போனவர். யாராவது தாளை நீட்டினால், "கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டேன், நீயே படி" என்பார். கண்ணாடி அவருக்கு இருந்ததே இல்லை. போன வருஷம்தான் மனைவியிடம் எழுத்துப் படித்தார். இந்த வாரம்தான் எழுத்து பொருத்தும் வேலை கிடைத்தது. முதலாளி இதைப் பார்த்தால் மறுபடியும் ஏணிதான்.

புள்ளிக்குப் பதிலாகப் பசை டப்பாவின் மூடியை ஒட்டிப் பார்த்தார். அது 'ம'வை விட்டுவிட்டு அவர் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. உதறினார், பக்கத்திலிருந்த மஞ்சள் பெயின்ட் பலகையில் தெறித்தது. துடைத்தார், மேகம்போலப் பரவியது.

"ஐயோ, தொடைக்காதீங்க! ஆமா, உங்க டீ டம்ளரை எதால மூடியிருக்கீங்க?"

புள்ளி! மிச்சக் கட்டை என்று நினைத்துவிட்டார். டீக்கறை ஏறிச் சிவந்திருந்தது.

வாசலில் முதலாளியின் கார் வந்து நின்றது. ஆணியடிக்க ஏது நேரம்? புள்ளியைக் குச்சியில் செருகிக்கொண்டு பலகைக்குப் பின்னால் பதுங்கினார்.

"கேமரா ஓடட்டும்" என்று உள்ளே வந்ததும் கேமராக்காரரிடம் சொன்னார் முதலாளி.

"மேல... இன்னும் மேல..." மனைவி கிசுகிசுத்தாள்.

நடுங்கிக்கொண்டே புள்ளி எழுந்தது. மஞ்சள் மேகத்துக்கு மேலே வந்து 'ம'வின் தலையில் நின்றது.

முதலாளி இரண்டடி முன்னால் வந்தார்.

"அடடா! சூரியன் உதிக்குதுய்யா!" முதலாளி கைதட்டினார். "யாருய்யா செஞ்சது?"

விரலில் மூடியோடு ஏணி எழுந்தார். "மன்னிக்கணும் ஐயா, புள்ளி விட்டுப்போச்சு..."

"புள்ளியோ சூரியனோ, பாத்ததும் மனசு நெறையுது. இனிமே எழுத்து வேலை பூரா உனக்குத்தான்."

முதலாளி போனதும் ஏணி விரலிலிருந்து மூடியைப் பிய்க்கப் பார்த்தார். அதற்குள் முதலாளியின் கார் டிரைவர் ஓடிவந்தார்.

"ஏணியண்ணே, ஐயா கூப்பிடறாரு. ஒரு தாளைப் படிச்சுக் காட்டணுமாம், கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டாராம். பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டறேன், அந்தக் கண்ணாடிய நான் கண்ணால பாத்ததில்ல!"