கை நனைக்க மாட்டேன்

ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன்.

"குன்னத்தூர்ல அந்தப் பையன் ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டேன். பாத்துக்க!"

சொன்னது என்ற சம்சாரம் தெய்வாத்தாள்கிட்ட. அவ தராசுல இட்லி வச்சு எடை பாத்துட்டிருந்தா. கம்பெனில துணியோட கிராம் பாக்க வாங்குன தராசு. இப்ப அதுல இட்லி ஏறுது.

"சரீங்க"ன்னா. நிமிந்துகூடப் பாக்கலை.

கண்ணாலமாகி இருபத்தேழு வருசத்துல அவ ஒரு விசயத்துக்கு இத்தனை வெரசாச் சரின்னதே இல்லை. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கோணும். வரலை. இந்தப் பொங்கியண்ணன் சொன்னா ஊட்டுல எடுபடுதுன்னு நெஞ்சை நிமித்திட்டுப் போய்ச் சட்டையை மாட்டுனேன்.

கை நனைக்கறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். மாப்பிள்ளை ஊடு பாக்கப் போற பொண்ணு ஊட்டுக்காரங்க, சம்பந்தம் புடிச்சிருந்தாத்தான் அங்க சாப்பிடோணும். புடிக்கலைன்னா, "பொறவு சொல்லி அனுப்பறோமுங்க"ன்னு ஒரு கும்பிடு போட்டுட்டு எந்திரிச்சு வந்தரலாம். அவியளுக்கே புரிஞ்சு போயிரும். ஆனா பொண்ணப் பெத்தவன் அங்க ஒரு வாய் தின்னுட்டான்னு வைங்க, முடிஞ்சுது சோலி. பத்திரிகை அடிக்க வேண்டியதுதான்.

எனக்கு அந்தப் பையனைப் புடிக்கலை. பேரு சிவபிரகாஷ். ஜாதகம் பொருந்துது. பீடி சிகரெட் இல்லை. ஆளும் லட்சணமாத்தான் இருக்கறான். பின்ன என்ன குறைன்னு கேப்பீங்க. அவன் ஆடிட்டருங்க! கணக்குப் பாக்கற ஆடிட்டர் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்காக நம்ம பனியன் கம்பெனிகளுக்குள்ள பூந்து, கக்கூஸ் சுத்தமா இருக்குதா, தீப்புடிச்சா ஓடறதுக்கு வழி இருக்குதான்னு நோட்டம் பாக்கற ஆடிட்டர்.

போன வருசம் மண்ணரையில இருக்கற என்ற கம்பெனிக்கு வந்தான். எம்பது மிசின் ஓடுது. அவசர வழியில நாலே நாலு துணி பண்டல் கெடந்துச்சு. குனிஞ்சு, நிமிந்து, சாஞ்சு நின்னு போட்டோ எடுத்தான். ரிப்போர்ட்டுல ஏத்திட்டான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். ஒரு காப்பி குடுத்தா, "வேண்டாங்க சார், ஆடிட்டுக்கு வந்த எடத்துல நாங்க ஒண்ணும் சாப்பிடறதில்லைங்க"ன்னு தள்ளி வச்சுட்டான். என்ற கம்பெனிக் காப்பியை! எனக்குப் பொக்குனு போச்சு.

அன்னைக்கு அவனுக்குக் கம்பெனியைச் சுத்திக் காட்டுனது என்ற பொண்ணு யாழினி. தீயணைக்கற சிலிண்டர் முன்னாடி ரெண்டு பேரும் ரொம்ப நேரம் நின்னு பேசுனாங்க. காலாவதித் தேதி பாக்கறாங்களாக்கும்னு நான் இருந்துட்டேன். இப்ப, கட்டுனா அவனைத்தான் கட்டுவேங்கறா. அம்மாவும் பொண்ணும் ஒரு கட்சி. அவனோட அப்பாவுக்குக் குன்னத்தூர்ல தோப்பும் பன்னண்டு மிசினும் இருக்குதாம். பெருமாநல்லூர்ல நம்ம ஊட்டுக்கு நாலு ஊடு தள்ளி எக்ஸ்போர்ட்டர் மகன் ஒருத்தன் இருக்கறப்ப, எனக்கென்ன தலையெழுத்து?

அதனாலதான் அந்தச் சபதம். எனக்கு அது பெரிய காரியமே இல்லைன்னு நெனச்சேன். ஏன்னா நான் பசியை ஜெயிச்சவன்.

எட்டு மாசத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல வயித்தைக் குறைக்கற ஆபரேசன் பண்ணிக்கிட்டேன். அப்ப எடை நூத்தி முப்பத்தொண்ணு. மாடிப்படி ஏறுனா நடுவுல உக்காந்து மூச்சு வாங்கோணும். டாக்டர் முக்கால் வயித்தை வெட்டி எடுத்துட்டு, வாழைப்பழ அளவுக்குக் கொஞ்சம் விட்டு வச்சாரு. பசியைத் தூண்டற சமாச்சாரம் முக்கால்வாசியும் அந்த வெட்டுன பாகத்துலதான் இருந்துச்சாம். நெசந்தான். அஞ்சு மாசம் பசின்னா என்னன்னே தெரியலை. நாப்பது கிலோ கொறஞ்சேன். பழைய பேண்ட்டுக்குள்ள இன்னொருத்தனுக்கு எடம் இருந்துச்சு. சும்மா இருந்திருக்கலாம். ஊரெல்லாம் பெருமையடிச்சேன்.

கம்பெனில கட்டிங் வேஸ்ட் எடுக்கற பசீர் அகமதுகிட்டயும் அடிச்சேன். இருவது வருசச் சினேகிதன்.

"பசீரு, பசிங்கறதெல்லாம் மனசு பலமில்லாதவனுக்கு."

"அண்ணே, வருசா வருசம் முப்பது நோன்பு வைக்கறவன் சொல்றேன். பசிகிட்ட மட்டும் சவால் விடாதீங்க."

"உனக்கு வயிறு முழுசா இருக்குதப்பா. எனக்குக் கால்வாசிதான்."

"கால்வாசிக்கும் பசிக்குமுங்கண்ணே."

பசீரு எந்த நேரத்துல சொன்னானோ, ஆறாவது மாசம் பசி திரும்பி வந்துருச்சு. இப்படி வரும்னு டாக்டரும் முன்னாலயே சொல்லித்தான் இருந்தாரு. மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா கொஞ்சூண்டு சாப்பிடோணும். பருப்பு, முட்டை, பன்னீரு மொதல்ல. சோறு கடைசில. நல்லா மென்னு முழுங்கோணும். சாப்பிடறப்பத் தண்ணி குடிக்கக் கூடாது, அரைமணி கழிச்சுத்தான். நேரம் தவறுனா கை கால் நடுங்கும். இனிப்பு ஆவாது. மதிக்காம ஒரு நாள் மைசூர்பாகு பாதி தின்னுட்டு, குப்புனு வேர்த்து, கட்டிங் டேபிள் மேலயே ஒரு மணி நேரம் படுத்துக் கெடந்தேன். தலைல மார்க்கர் வச்சுக் கோடு போடாத குறை.

ஆனா பசி வந்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை. பசியை ஜெயிச்சவன்னு பேர் வாங்கிட்டு எப்படிச் சொல்றது?

தெய்வாத்தாள் பத்து வருசம் நம்ம கம்பெனிச் செக்கிங் செக்சனைப் பாத்துக்கிட்டவ. ஒரு தையல் தவறியிருந்தாலும் பீஸைத் தூக்கிப் போட்டுருவா. கம்பெனில மணிக்கு எத்தனை பீஸ் ஆச்சுன்னு போர்டுல எழுதற மாதிரி, சமையல்கட்டுல எனக்கொரு போர்டு மாட்டியிருக்கறா. எட்டு மணி, பதினோரு மணி, ரெண்டு மணின்னு கட்டம் கட்டி, எத்தனை கிராம், எத்தனை நிமிசத்துல தின்னேன்னு எழுதுவா. நான் பாட்டுக்குத் தின்னுட்டு அக்கட்டால போயிருவேன். அந்தப் போர்டை ஒரு நாளும் நின்னு படிச்சதில்லை.

பத்தரை மணிக்குக் கார் கெளம்புச்சு. முன்னாடி டிரைவர் பக்கத்துல என்ற மச்சான் ஞானசம்பந்தம், தெய்வாத்தாளோட அண்ணன். மைக் இல்லாமயே மண்டபம் பூரா கேக்கற தொண்டை. பின்னாடி நானும் அவளும். அவ மடில பழக்கூடை.

குன்னத்தூர் எல்லையில மணி பதினொண்ணு. எனக்குள்ள அலாரம் அடிச்சிருச்சு.

"ஏம்புள்ள, பதினோரு மணிச் சாப்பாட்டு டப்பா எங்க?"

"அட கெரகமே! மறந்துட்டனுங்க. பசிக்குதுங்களா? வண்டியத் திருப்பச் சொல்லட்டுங்களா?"

மச்சான் திரும்பிப் பாத்தாரு.

"பசியா? எனக்கா?"ன்னு சிரிச்சேன். கொஞ்சம் எச்சாவே சிரிச்சுட்டேன்.

பையனோட அப்பா ராசப்பன் வாசல்லயே நின்னு கும்பிட்டாரு. தெய்வாத்தாள் பழக்கூடையோட நேரா உள்ள போயிட்டா. காப்பி வந்துச்சு. கையால மறிச்சேன். சிவபிரகாஷைப் பாத்துக்கிட்டே, "வேண்டாங்க, வந்த எடத்துல நாங்க ஒண்ணும் சாப்பிடறதில்லைங்க"ன்னேன். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஆகா, அந்த ஒரு நிமிசம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா!

பன்னண்டு மணிக்கு, "இலை போடலாங்களா?"ன்னு ராசப்பன் கேட்டாரு. போட்டா மாட்டேன்னுட்டுக் கெளம்பிரலாம்னு நானும் தயாரா இருந்தேன்.

உள்ளிருந்து என்ற சம்சாரத்தோட குரல். "இன்னைக்கு ஞாயிறு, எமகண்டமுங்க. ஒன்றரை தாண்டட்டும்."

ஒன்றரை மணி நேரம்! நூல் விலை பேசுனோம். மழை பேசுனோம். உள்ள பூண்டு வதங்கற வாசம் வந்துச்சு. தாளிக்கற சத்தம் வந்துச்சு. ராசப்பன் தோப்பைப் பத்திச் சொல்லச் சொல்ல, எனக்கு அவரு வாய் அசையறது மட்டுந்தான் தெரிஞ்சுது. கை நடுங்குச்சு. தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டேன்.

"மாமா, உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே?"ன்னான் சிவபிரகாஷ்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கறேன்."

ஒன்றரைக்கு இலை விழுந்துச்சு. ஒப்புட்டுங்கற போளி, நெய் ஒழுக ஒழுக. வடை. பாயாசம். எதுவும் எனக்குப் பெருசாத் தெரியலை. இனிப்புன்னா கட்டிங் டேபிள்தான் ஞாபகம் வருது.

"எனக்கு வேண்டாங்க. நான் சாப்பாட்டையே கொறைச்சுட்டனுங்க"ன்னு நாற்காலிலயே உக்காந்துக்கிட்டேன். ராசப்பன் மொகம் வாடிப் போச்சு. மச்சான் தொண்டையைச் செருமுனாரு. பையன் செவுத்தைப் பாத்துட்டு நின்னான். ஜெயிச்சுட்டேன்! கும்பிடு போட ரெண்டு கையையும் சேத்தேன்.

அப்பப் பையனோட அம்மா வந்தாங்க. கையில ஒரு சின்னக் கிண்ணம், ஒரு சின்ன ஸ்பூன்.

"அண்ணா, விருந்து வேண்டாம்னா விடுங்க. இது மசியக் கடைஞ்ச கொள்ளுப் பருப்பு. ரெண்டே வாய். உப்புக் காரம் சரியா இருக்குதான்னு மட்டும் சொல்லிருங்க."

ஒப்புட்டுக்கு அணை கட்டி வச்சிருந்தேன். பாயாசத்துக்குக் கட்டி வச்சிருந்தேன். கொள்ளுக்குக் கட்டலை. எட்டு மணிக்கு ஒரு இட்லி தின்னவன். பூண்டும் சீரகமும் மணக்குது. மனசுக்குள்ள ஒரு வக்கீல் எந்திரிச்சான். உப்புப் பாக்கறது சாப்பாடா? இல்லை. ஸ்பூன்ல எடுத்தா கை நனையுமா? நனையாது.

ஒரு ஸ்பூன். கண்ணு தானா மூடிக்கிச்சு. ரெண்டாவது ஸ்பூன். மெல்லவே இல்லை. மூணு, நாலு.

"அம்மிணி!"ன்னேன், கூடமே கேக்கற மாதிரி. "பொறந்ததுல இருந்து இப்படி ஒரு கொள்ளுப் பருப்பு நான் தின்னதில்லைங்க. என்ற ஊட்டுலயுந்தான் தெனம் கடையறாங்க, செவுத்துல பூசலாம். கையில என்ன மந்திரம் வச்சிருக்கறீங்க?"

சொல்லிட்டு, கிண்ணத்து அடியில ஒட்டியிருந்ததை ஸ்பூன் எட்டலைன்னு விரலை விட்டு வழிச்சேன்.

"சம்பந்தி கை நனைச்சுட்டாரு!"

மச்சானோட தொண்டை. தெருவே திரும்பியிருக்கும். ராசப்பன் ஓடி வந்து கட்டிப்புடிச்சாரு. வெத்தலைபாக்குத் தட்டு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை. சிவபிரகாஷ் கால்ல உழுந்தான். விரல் வாயில இருந்ததால இடது கையை நீட்டப் போயி, மச்சான் அதட்டி வலது கையைப் புடிச்சு அவன் தலைமேல வச்சாரு.

திரும்பி வரப்ப யாழினி போன் பண்ணுனா. "அப்பா, நெசமாவா? நீங்களே கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களாமே!" அழுதுக்கிட்டே சிரிக்கறா. பொய் சொல்ல மாட்டேன், உள்ளுக்குள்ள சந்தோசமாத்தான் இருந்துச்சு. ஆனா அதைத் தெய்வாத்தாள் முன்னாடி காட்ட முடியுமா?

"ஏம்புள்ள, இன்னைக்குன்னு பாத்து அந்த டப்பாவை மறந்தியே!"

"எங்க மறந்தேன்? பழக்கூடைல அடியில வச்சுக் கொண்டு வந்தனுங்க. நேரா அந்தம்மா கையில குடுத்து, சூடு பண்ணி வைங்கன்னேன்."

"என்னது?"

"நீங்க தின்னது நான் காலைல கடைஞ்ச கொள்ளுங்க. எம்பது கிராம்."

மச்சான் முன்னாடி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்குது.

"எனக்குப் பசி திரும்பி வந்தது உனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு மாசமா, பத்து நிமிசத்துல தின்ன டப்பாவை நாலு நிமிசத்துல காலி பண்றீங்க. போர்டுல எழுதித்தானே வச்சிருக்கறேன்?"

"ஒரு மனுசனைப் பட்டினி போட்டுச் சாதிப்பியா? மயங்கி உழுந்திருந்தா?"

அவ கைப்பையைத் தொறந்து ஒரு பாட்டில் மோரைக் காட்டுனா. "கதவிடுக்குல உங்களைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன். பசிக்குதுன்னு ஒரு வார்த்தை, கார்லயோ அங்கயோ, சொல்லியிருந்தா இதை எடுத்து நீட்டியிருப்பேன். சொன்னீங்களா?"

சொல்லலை.

எனக்கு ஒண்ணு பளிச்சுனு பட்டுச்சு. "அப்ப நான் தின்னது அவிய ஊட்டுச் சோறே இல்லையே! என்ற ஊட்டுதைத்தானே தின்னேன்? சம்மதம் செல்லாது. இப்பவே போன் போடறேன்!"

"போடுங்க. செவுத்துல பூசற கொள்ளும் நீங்க பாராட்டுன கொள்ளும் ஒண்ணுதான்னு சேத்துச் சொல்லிருங்க."

போனை மடில வச்சுட்டேன்.

அவ மோர்ப் பாட்டிலைக் கைப்பைல வச்சு மூடுனா. பொறவு என்ற பக்கம் திரும்புனா.

"இருபத்தேழு வருசத்துல என்ற சமையலை நல்லாருக்குன்னு நீங்க இன்னைக்குத்தான் ஒரு வார்த்தை சொன்னீங்க. அதையும் சம்பந்தியம்மாளுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்களே!"