அக்கா கல்யாணத்தில் வெளியான எங்கள் முதல் கேசட்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு இசை வெளியீட்டு விழா நடத்தியிருக்கிறேன். கூட்டத்துக்குக் குறைவில்லை, முந்நூறு பேர். அத்தனை பேரும் என் அக்கா கல்யாணத்துக்கு வந்தவர்கள் என்பதுதான் சின்னச் சிக்கல்.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த (அப்படித்தான் வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள்) நானும் நண்பன் சேவியரும் ராக் குழு ஆரம்பித்தோம். ஸ்ரீரங்கத்தில் ஏழு பிராகாரம், அதனால் எங்கள் குழு 'எட்டாம் பிராகாரம்'. சேவியர் சர்ச்சில் கிடார் வாசிப்பவன். எனக்குத் தொண்டை மட்டும்தான். எடமலைப்பட்டி புதூரில் அவன் வீட்டுப் பின்கட்டில், பிஸ்கட் டின்னைத் தட்டி நாலு பாட்டுப் பதிவு செய்தோம். நாலே பாட்டு இருந்தால் அதற்கு 'ஈ.பி.' என்று பெயர் என்றான் சேவியர். முதல் பாட்டு மின்வெட்டைப் பற்றியது. "போச்சு! போச்சு! எல்லாம் போச்சு!" என்ற என் அலறலோடு ஆரம்பிக்கும்.

ஒரு கேசட் கடைக்காரரும் சீண்டவில்லை. யார் காதிலும் விழாமலே போய்விடுமோ என்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அப்போதுதான் அக்கா கல்யாணம் வந்தது. மண்டபம் பூரா குழாய் ஸ்பீக்கர். விடுவேனா?

மைக் செட் அண்ணனிடம் கெஞ்சினேன். "தாலி கட்டட்டும் தம்பி. பந்தி நடக்கறப்ப போட்டுக்கலாம்" என்றார்.

யாருக்குப் பொறுமை? அக்கா கூரைப்புடவை கட்டிக்கொள்ள உள்ளே போயிருந்தாள். மாப்பிள்ளை மணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாயனக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மைக் செட் அண்ணன் காபிக்குப் போயிருந்தார்.

"சும்மா சவுண்ட் மட்டும் பார்க்கலாம்டா."

"வேணாண்டா, உங்கப்பா கொன்னுடுவாரு" என்றான் சேவியர்.

கேசட்டைச் செருகிப் பட்டனை அமுக்கிவிட்டேன்.

"போச்சு! போச்சு! எல்லாம் போச்சு!"

முகூர்த்த வேளையில் அபசகுனமாக ஒரு சொல் காதில் விழக் கூடாது. விழுந்தால், அதை அமுக்கக் கெட்டிமேளம்தான் மருந்து. பெரியப்பா துள்ளி எழுந்து விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று என்னையே மிஞ்சி அலறினார். தவில்காரர் வெளுத்து வாங்கிவிட்டார்.

கெட்டிமேளம் கேட்டால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? பின்வரிசைக்கு மணமேடையா தெரியும், போட்டோக்காரர் முதுகுதான் தெரியும். தாலி ஏறிவிட்டது என்று கையிலிருந்த அட்சதையை வீசிவிட்டார்கள். பின்னாலிருந்து அட்சதை பறந்ததும், அரட்டையில் இருந்த முன்வரிசையும் பதறிப்போய் வீசியது. தன்னந்தனியாக இருந்த மாப்பிள்ளையின் தலையில் முந்நூறு பேரின் ஆசி இறங்கியது. அட்சதை போட்டதும் அடுத்த வேலை? சாப்பாடு! இலை பிடிக்க ஒரே ஓட்டம்.

மடிசாரில் அக்கா வெளியே வந்தபோது மண்டபம் காலி.

"எல்லாரும் எங்கேப்பா?"

"சாப்பிட்டுண்டிருக்காம்மா" என்ற அப்பா என்னைப் பார்த்தார். நான் சேவியரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன்.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "அட்சதை போட ஒருத்தர்கூட இல்லாம எனக்குக் கல்யாணமா?"

பாவி, நான்தானே காரணம்! நானும் சேவியரும் மண்டியிட்டு, நாற்காலிக்கு அடியிலெல்லாம் தவழ்ந்து, சிதறிய அட்சதையைப் பொறுக்கினோம். மூன்று முடிச்சும் விழுந்தபோது, முந்நூறு பேருக்கும் சேர்த்து நாங்கள் இரண்டு பேரே வாரி வாரி வீசினோம். கூடவே ஒரு சோடா மூடியும் பறந்து மாப்பிள்ளையின் மூக்கில் பட்டது. அக்கா பக்கென்று சிரித்துவிட்டாள். அப்பாடா!

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கெட்டிமேளம் கொட்டினால் யாரும் உடனே அட்சதை போடுவதில்லை. "அம்பி எங்கே இருக்கான், பாருங்கோ!" என்று அன்றைய மாப்பிள்ளையான அத்திம்பேர் மூக்கைத் தடவிக்கொண்டே குரல் கொடுப்பார். அம்பியாகிய நான் இரண்டு வெறுங்கையையும் தூக்கிக் காட்டிய பிறகுதான் அட்சதை விழும்.