ஆடிய பல்லும் ஓடிய கடிகாரமும்

உயிரே போனாலும் சரி, இந்த வாயை ஒருத்தரிடமும் திறந்து காட்டுவதில்லை!

குளியலறைக் கண்ணாடி முன்னால் வாயைக் காதுவரைக்கும் திறந்து வைத்துக்கொண்டுதான் கடிகாரக்காரர் மனதுக்குள் இந்தச் சபதத்தை எடுத்தார். உள்ளே, கீழ்வரிசைக் கடைசியில், ஒரு கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்தது. நாக்கால் தொட்டால் டிக். விட்டால் டக். தொழில்பக்தி உள்ள பல்.

வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள். வலிக்கிறதே அந்தப் பல்தான் என்னும்போது எதைக் கடிப்பது?

அவர் கோழை இல்லை. ஊர் மணிக்கூண்டின் உச்சியில் ஒற்றைக் கயிற்றில் தொங்கியபடி பெரிய முள்ளைத் திருப்பி வைத்த மனிதர். ஆனால் ‘பல் மருத்துவமனை’ என்ற போர்டைத் தூரத்தில் பார்த்தால் போதும், சைக்கிளை ஒடித்து அடுத்த தெருவுக்குள் விட்டுவிடுவார்.

எல்லாம் ஏழு வயதில் ஆரம்பித்தது. “சும்மா பாக்கத்தான்டா போறோம்” என்றார் அப்பா. “வலிக்காதுடா கண்ணா” என்றார் டாக்டர். ஆளுக்கு ஒரு பொய். அதற்கு முன்னால், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து மீசை வைத்த ஒரு பெரிய மனுஷன் ‘அம்மா’ என்று அலறிய குரல் கேட்டது. பையன் சுவர்க்கடிகாரத்தையே பார்த்தான். ‘நீ நின்னுடு. நீ நின்னுட்டா என் முறை வராது’ என்று கெஞ்சினான். பாவி, அது நிற்கவே இல்லை. ஏன் இப்படிப் பிடிவாதமாக ஓடுகிறது, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பிற்பாடு ஒன்றைத் திறந்து பார்க்கப் போனவர், அதையே பிழைப்பாகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நிற்காத கடிகாரத்தால்தான் இன்றைக்கு நின்றுபோன கடிகாரங்கள் எல்லாம் ஓடுகின்றன.

அவர் பல்வலியை முதலில் கண்டுபிடித்தது ஒரு கிண்ணம் கடலை. கடை அடைத்து வந்ததும் சமையலறை மேசையில் வறுத்த கடலையை நடுவில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஊர்க்கதை பேசுவது அந்த வீட்டு வழக்கம். ஒரு வாரமாகக் கடலையும் குறையவில்லை, கதையும் நடக்கவில்லை. எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து ‘ம்’.

“என்னங்க, கடலை அப்படியே கெடக்கு?”

“வேணாம். பித்தம்.”

“இருபத்தஞ்சு வருஷமா வராத பித்தமா?”

“மொத்தமா சேந்து வந்திருக்கும்.”

“பல்லு வலிக்குதா?”

“எனக்கா? கல்லக் கடிச்சுத் துப்புற பல்லு இது!”

“அப்ப இந்தக் கடலையக் கடிங்க, பாப்போம்.”

“கல்லத்தான் கடிப்பேன்னேன். கடலையக் கடிப்பேன்னு சொன்னேனா?”

“டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாங்க.”

“இங்க பாரு. எங்க வம்சத்துல ஒருத்தரும் யார்கிட்டயும் பல்லக் காட்டினதில்ல!”

அந்த அம்மாள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில், மனைவி வாயை மூடினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதைக்கூட நம் ஆள் கற்றுக்கொள்ளவில்லை. வாய் விஷயத்தில் அவருக்கு இன்னொன்றும் தெரியாது. அது ஊருக்கே தெரியும். கண்ணில் லென்ஸை மாட்டிக் கடிகாரத்துக்குள் குனிந்தாரானால் அவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அப்புறம் கடிகாரப் பேச்சைத் தவிர, பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. கல்யாணமான புதிதில் இதைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி. காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லி அவள் கெஞ்சியதே இல்லை. நின்றுபோன கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுப்பாள். வாய் திறக்கும். மாத்திரை போய்விடும்.

மறுநாள் காலையில் கடைக்கே வந்தாள்.

“என்னங்க, பக்கத்துத் தெருவுல புதுசா ஒரு பொண்ணு குடிவந்திருக்கு. தாத்தா வெச்சிருந்த பாக்கெட் கடிகாரம் நின்னுடுச்சாம். அழுவுது.”

“இங்க எடுத்துட்டு வரச் சொல்லு.”

“தாத்தா ஞாபகமாம். வீட்ட விட்டு வெளிய அனுப்பாதாம்.”

“என்ன கோளாறாம்?”

“ஏதோ பல்லு தகராறுன்னுச்சு.”

“சக்கரத்துப் பல்லா? அத அப்பவே கவனிக்கணும்! ஒரு பல்லுதானேன்னு விட்டா மொத்த மிஷினும் போயிடும். எப்படித்தான் சில பேரு அலட்சியமா இருக்காங்களோ!”

“அதானே” என்றாள் மனைவி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

அந்த வீட்டில் போர்டு எதுவும் இல்லை. உள்ளே புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு அவருடைய மகள் வயது இருந்தால் அதிகம். “வாங்க அங்கிள்” என்று பாக்கெட் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, “அந்த விளக்குக்கு அடியில உக்காந்து பாருங்களேன்” என்றாள்.

விளக்கா அது! சூரியனைக் குட்டிபோட வைத்து ஒரு குட்டியைப் பிடித்து வந்து கம்பியில் மாட்டினாற்போல் இருந்தது. இப்படி ஒரு வெளிச்சத்துக்காகக் கடிகாரக்காரர் சொர்க்கத்தைக்கூட வேண்டாம் என்பார். அடியில் நீளமான சாய்வு நாற்காலி. மேலே பூப்போட்ட விரிப்பு. ‘அட, நம்ம வீட்டு விரிப்பு மாதிரியே இருக்கே’ என்று நினைத்தபடியே சாய்ந்தார். லென்ஸ் கண்ணுக்குப் போனது. கடிகாரம் கண்ணுக்கு மேலே நின்றது. வாய் கீழே, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் திறந்துகொண்டது.

நாற்காலி மெல்லச் சாய்ந்ததை அவர் கவனிக்கவில்லை. கொல்லைப்புறக் கதவு வழியாக மனைவி வந்து நின்றதையும் கவனிக்கவில்லை.

“ஆமா, ஆடுது” என்றது பெண் குரல்.

“ஆதுது, ஆதுது” என்றார் அவர். மேலே ஒரு குட்டிச் சக்கரம் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஈறில் ஏதோ ஜில்லென்று பட்டது. ஊசி முனையாக ஒரு கடி. கொசு போலிருக்கிறது, பெரிய வீட்டிலும் கொசு. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத்துத் தாடை மேகம் மாதிரி மிதந்தது. நல்ல வெளிச்சம் பட்டால் உடம்புக்கே சுகம்தான் என்று எண்ணிக்கொண்டார். அதற்குள் விஷயம் அகப்பட்டுவிட்டது. சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே சிவப்பாக ஏதோ துணுக்கு.

“எடுத்துடலாமா அங்கிள்?”

“தாதாளமா!”

“ஒண்ணும் ஆகாதே?”

“பயப்பதாதீங்க” என்று சிரித்தார். “வயிக்காது!”

ஏழு வயதில் அவர் கேட்ட அதே வார்த்தை.

“இடுக்கி” என்றது பெண் குரல்.

“எங்கித்த இதுக்கு” என்றார் அவர், தன்னுடைய குட்டி இடுக்கியைத் தூக்கிக் காட்டி. இரண்டு இடுக்கிகளும் ஒரே சமயத்தில் வேலை செய்தன. அவருடையது துணுக்கை உருவியது. கடிகாரம் உயிர் பெற்று டிக்டிக்கென்று ஓடியது.

“எதுத்தாச்சு!” என்று கத்தினார்.

“எடுத்தாச்சு!” என்றார்கள் இரண்டு பெண்களும்.

லென்ஸைக் கழற்றினார். எதிரே மனைவி. பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு அந்தப் பெண். ஒரு தட்டில் ஒரு பல். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பதை இத்தனை அட்சரசுத்தமாகச் செய்தவர் இன்னொருவர் பிறக்க வேண்டும்.

கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். கோபத்துக்குப் பல்லைக் கடிக்க வேண்டும். அங்கேதான் பஞ்சு வைத்திருந்தார்கள். நாக்கு பழக்க தோஷத்தில் தேடிப் போனது. டிக்கும் இல்லை, டக்கும் இல்லை. அத்தனை வருஷமாக அடிவயிற்றில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழைய சுவர்க்கடிகாரம் இப்போதுதான் நின்றது போலிருந்தது. மெதுவாகத் தன் இடுக்கியின் முனையைப் பார்த்தார். கடலைத் தோல்.

“நீதான் உள்ள போட்டியா?”

“தின்ன ஆளில்லாம வீட்ல கெடந்துச்சுங்க.”

ஒரு வாரம் கழித்துப் பழையபடி சமையலறை மேசை, கிண்ணம், கடலை, ஊர்க்கதை. அவர் மணிக்கூண்டுக் கதையை ஆயிரத்தோராவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுவரில் இருந்த கடிகாரம் நின்றது.

“என்ன, இதுலயும் கடலைத் தோலா?”

“சத்தியமா இல்லீங்க. அதுவா நின்னுடுச்சு.”

“இனிமே அதெல்லாம் நம்மகிட்ட நடக்காது” என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தை இறக்கினார். பின்பக்கத்தைத் திறந்தார். உதட்டை இறுக மூடிக்கொண்டார். லென்ஸை மாட்டினார்.

குனிந்த மாத்திரத்தில் உதடு தானாகப் பிரிந்து, வாய் திறந்துகொண்டது.

“இடது பக்கம், மேல் வரிசையில இன்னொண்ணு சொத்தை” என்று டார்ச்சை அணைத்தாள் மனைவி. “டாக்டர் பொண்ணு சொன்னது சரிதான்.”