கர்னல் மனைவியின் முதுகு

பெண்டாட்டிக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஆணை ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கும். என் விஷயத்தில் ஊர் பார்த்தது சரி.

மல்காஜ்கிரியில் எங்கள் ஃப்ளாட்டில் அப்போது எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கவுன்களை வீடியோ பார்த்துப் பார்த்து வீட்டு மிஷினில் தைப்பது. (பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி, மற்ற நேரமெல்லாம் வசனகவிதை. இரண்டிலும் நிலைகொள்ளாதவனுக்கு மூன்றாவதாக ஒரு மிஷின்.) ஊசி ஓடும்போது, வெள்ளைத் துணியின் மேல் மழை நடந்து போவது போலிருக்கும் எனக்கு. கீழ்வீட்டுக்காரருக்கு அப்படி இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம், என் மனைவி மாலதி வேலை பார்க்கும் திருமுல்கேரி பள்ளியில் டீச்சர்களே நடிக்கும் நாடகம். பன்னிரண்டு வருஷமாகத் திரைக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவளுக்கு முதல் முறையாக நாயகி வேஷம். கண்டோன்மென்ட் கர்னலின் விதவை. கணவனின் கல்லறையை இங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறப் போகிறவள். கடைசிக் காட்சியில் அவளுக்கு வசனமே கிடையாது. சபைக்கு முதுகைக் காட்டி, திரும்பிப் பார்க்காமல், மெதுவாக நடந்து போக வேண்டும். அந்த நடையைச் சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவே ஒரு மாதம் நடந்து நடந்து பழகினாள்.

டிரெஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றாள். நான் உயிரோடு இருக்கும்போது வாடகையா?

"சரி, அளவாவது எடுங்க."

"உன் அளவு எனக்குத் தெரியாதா?"

(இந்த இடத்தில் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்கிறேன்.)

நம் வீடுகளில் தையல்காரரிடம் யார் நின்று அளவு கொடுக்கிறார்கள்? அளவு ஜாக்கெட்டைத்தானே கொடுத்தனுப்புகிறோம். நானும் பீரோவைத் திறந்தேன். மேல்தட்டில், அந்த வருஷம் டெய்லர் தைத்துக் கொடுத்த காட்டன் ஜாக்கெட் இருக்கத்தான் செய்தது. என் கை அடித்தட்டுக்குப் போனது. மயில்கழுத்துப் பட்டு ஜாக்கெட், கல்யாணத்தன்று அவள் போட்டிருந்தது. அதைத் தொட்டதும் எனக்குள் ஒரு நீல வெளிச்சம் சுழன்றது. வெளிச்சத்தில் வெட்டினால் துணி என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

கவுனுக்கு உள்ளே நான்கு பாவாடைகள். பிளம்பிங் கடையில் வாங்கிய கறுப்பு பைப்பை வளைத்து வளையங்கள். வடித்த கஞ்சியை எல்லாம் பாவாடைகளே குடித்தன. ஆள் இல்லாமலே ஹாலில் நின்றன. எங்கள் மகள் நந்து தினமும் அவற்றுக்கு குட்மார்னிங் சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போனாள். ஒருதரம் போட்டுப் பார்க்கிறேன் என்று மாலதி இரண்டு முறை கேட்டாள். முழுதாக முடித்த பிறகுதான் காட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

நாடகத்தன்று அவள் முன்னதாகப் போய்விட, நானும் நந்துவும் கவுனும் கூண்டுமாக ஆட்டோவை நிறுத்தினோம். டிரைவர் பாவாடையை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கைக்கு சாப், இத்தா படா முர்கியாங் கா பிஞ்ச்ரா?" இவ்வளவு பெரிய கோழிக்கூண்டு எதற்கு என்கிறார். என் மனைவி போட்டுக்கொள்வதற்கு என்று விளக்கினேன். திருமுல்கேரி வரை கண்ணாடியில் என்னையே பார்த்தபடி ஓட்டினார்.

டீச்சர்கள் அறையில் மாலதிக்கு கவுனை மாட்டி முதுகு நாடாவை இழுத்தவர் பத்மஜா டீச்சர். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது: "ஊபிரி பிகபட்டண்டி." மூச்சைப் பிடியுங்கள் என்று, தெலுங்கில். மூன்று முறை கேட்டது. முதுகில் ஒரு சாண் திறந்து கிடந்தது. நாடா அதற்கு மேல் நெருங்கவில்லை. மேடைக்கு மணி அடித்துவிட்டார்கள். ஒரு கறுப்புத் துப்பட்டாவை முதுகில் போட்டு, சேஃப்டி பின் குத்தி அனுப்பினார்கள்.

மாலதி நன்றாக நடித்தாள். அதுதான் இன்னும் அறுக்கிறது. கல்லறை முன் மண்டியிட்டு எழுந்தபோது சேஃப்டி பின் தெறித்து, துப்பட்டா ஒரு பக்கமாகச் சரிந்தது. இனி அவளால் திரும்ப முடியாது. சபையைப் பார்த்தபடியே, ராஜா முன்னிருந்து விலகும் சேவகன் போலப் பின்னால் பின்னால் நடந்தாள். பைப் வளையம் தெர்மகோல் கல்லறையை இடித்தது. கர்னல் இரண்டாம் முறையாகச் சாய்ந்தார்.

சபை சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் பார்த்தாள்.

திரும்பும் ஆட்டோவில் நந்து எங்கள் நடுவில் இருந்தாள்.

"எந்த ஜாக்கெட்டை அளவு வச்சீங்க?" என்றாள் மாலதி.

சொன்னேன்.

"நீங்க தைச்சது எனக்கில்ல. அந்த இருபத்திமூணு வயசுக்காரிக்கு."

கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அடுத்த வருஷம் வேஷத்துக்குக் கூப்பிட்டபோது வேண்டாம் என்றுவிட்டு, வசனம் எடுத்துக் கொடுக்கத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். இன்றுவரை அங்கேதான்.

நந்துவுக்கு நாங்கள் பேசும் தமிழ் புரியும். பதில் பாதி இங்கிலீஷில் வரும். விருந்தாளிகள் சாப்பிடும்போது நான் மாலதியைப் பற்றி இரண்டு வரி உருகிப் பேசினால் போதும். "டாடி, இது விச் இயர் அம்மா?" என்பாள். கதை தெரிந்த எல்லோரும் சிரிப்பார்கள். மாலதி மட்டும் சிரிப்பதில்லை. மோர்க் கரண்டியைப் பிடித்தபடி, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.