முழுப் பொறுப்பு: தலைவர்

பொறுப்பைத் தலையில் சுமந்து நாசமாய்ப் போன தலைவர்கள் உலக சரித்திரத்தில் ஏராளம். முழு அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டு, பொறுப்பின் தூசுகூட மேலில் படாமல் வாழ்ந்து காட்டிய மகான் ஒருவர்தான். அவர் 1985ஆம் ஆண்டு, டென்மார்க்கில், கோல்டிங்குக்குப் பக்கத்தில், அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு பழைய ஹோட்டலின் மூன்றாம் இலக்க அறையில் எழுந்தருளியிருந்தார். பெயர் இராசநாயகம். அங்கிருந்த நாற்பத்திரண்டு தமிழருக்கும் சங்கத் தலைவர்.

செயலாளர் செல்வரட்ணம் அப்படித்தான் நம்பினார். மன்னாரின் அரச அலுவலகமான கச்சேரியில் பத்தொன்பது வருடம் கிளார்க்காக இருந்தவர் அவர். தலைவர் தும்மினாலும் நேரம் போட்டுக் குறிப்பேட்டில் எழுதிவிடுவார்.

தலைவர் பதவியேற்ற அன்றே சங்கத்தின் விதிகளான யாப்பு திருத்தப்பட்டது. "நிறைவேற்று அதிகாரம் கொண்ட தலைவர்" என்ற பதவி பிறந்தது. பாதுகாப்பு முழுவதும் அவருக்குக் கீழே வந்தது. கூடவே வாசல் ஆணியில் தொங்கிய விசிலும் வந்தது. ஆபத்து என்றால் யாரும் எடுத்து ஊதட்டும் என்று விடுதியைப் பார்க்கும் டேனிஷ்காரி மாட்டிவைத்த விசில் அது.

"கண்டவனும் நிண்டவனும் ஊதினால் அதுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டுத் தலைவர் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. பிறகு, "இக்கட்டடத்தின் பாதுகாப்புக்கு முழுப் பொறுப்பு: தலைவர் இராசநாயகம்" என்று தடித்த எழுத்தில் செல்வரட்ணத்தைக் கொண்டு எழுதுவித்து, மாடிப்படியிலும் சமையலறையிலும் ஒட்டினார். கக்கூஸ் கதவும் தப்பவில்லை.

ஒரு வியாழக்கிழமை பவளராணி வந்தாள். தெருப்பக்கத்துப் பதினான்காம் அறையில் மூன்று வயது மகளோடு இருப்பவள். கணவன் இன்னும் கொழும்பில்.

"அண்ணை, ரெண்டு நாளாய் மொப்பெட்டில வெள்ளைக்காரப் பொடியள் வந்து நிண்டு எங்கட யன்னலுகளை எண்ணுறாங்கள். நேற்றுக் கல்லையும் தூக்கிக் காட்டினவங்கள். பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை. பின்பக்கத்தில ஒரு அறை தாங்கோ."

பின்பக்கத்தில் ஓராள் இருக்கும் அறை ஒன்றுதான். அது தலைவரின் மூன்றாம் இலக்க அறை, அவர் வைத்த பெயரில் "செயலகம்".

"தங்கச்சி, வீண் பீதி கிளப்பக்கூடாது. செல்வா, குறியும். அடுத்த கூட்டத்தில ஏழாவது விடயம்."

செல்வரட்ணம் பயபக்தியோடு குறித்தார். ஆறாவது விடயம் தீபாவளிப் பலகாரம். அதற்கு முந்தைய ஐந்தும் தலைவர் உரை.

சனி மாலை ஆறு மணிக்குப் பின்பக்கச் சாப்பாட்டறையில் கூட்டம் தொடங்கியது. "பாதுகாப்பில் நாம் கண்ட சாதனைகள்" என்ற பொருளில் தலைவர் முழங்கிக்கொண்டிருக்கையில், முன்பக்கத்தில் கண்ணாடி நொறுங்கியது. பதினான்காம் அறையிலிருந்து பவளராணி "ஐயோ" என்று குழறினாள்.

"விசில்! விசிலை ஊதுங்கோ!" என்று கத்தினார் சமையல் முறைக்கு நின்ற சின்னமணி.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்றார் தலைவர். "என்ர உரை இன்னும் முடியேல்லை."

முடிந்தபோது மொப்பெட்டுகள் போய்விட்டன. நான்கு கண்ணாடிகள் தரையில் கிடந்தன. பிள்ளையின் நெற்றியில் ஒரு கீறல், கண்ணுக்கு ஒரு விரல் மேலே. அதைப் பார்த்த செல்வரட்ணம் பேனாவைத் திறந்தார். அதைக் குறிப்பேட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

தலைவர் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. மற்றவர்கள் கண்ணாடித் துண்டைக் கூட்டத் தும்புத்தடி தேடுவதற்குள், ஓடியோடிப்போய்த் தன் கையாலேயே அந்த அறிவித்தல்கள் எல்லாவற்றையும் கிழித்தெடுத்தார். கக்கூஸ் கதவையும் மறக்கவில்லை.

பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. கண்ணாடி போடுகிறவர் அடுத்த வியாழன்தான் வருவார் என்றார்கள். அதுவரை பவளராணி யன்னலில் போர்வையைக் கட்டினாள். ஒக்டோபர்க் காற்று அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

தலைவர் "சுயாதீன விசாரணைக் குழு" ஒன்றை நியமித்தார். அதன் தலைவரும் அவரே. விசாரணைக்கு முன் செல்வரட்ணத்தைத் தனியே கூப்பிட்டார்.

"செல்வா, ஏழாவது விடயம் எண்டு ஒண்டு இருந்ததே?"

"இருந்தது அண்ணை."

"இருந்ததே?"

கச்சேரியில் படித்த கலை கைகொடுத்தது. செல்வரட்ணம் சவர பிளேட்டை எடுத்து ஏழாவது விடயத்தை எழுதிய மையைச் சுரண்டினார். கொஞ்சம் அதிகமாய் அழுத்தியதில் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் செவ்வாயன்று அறிக்கை வாசிக்கப்பட்டது. முதற் குற்றவாளி முன்னாள் தலைவர் யேசுரட்ணம். ஒன்பது நாள் பதவியில் இருந்துவிட்டு, ஐந்து மாதத்துக்கு முன்பே கோப்பன்ஹேகன் போய்விட்டவர். யன்னல்களை உடையக்கூடிய நிலையில் விட்டுச் சென்றாராம்.

"யன்னலுக்குக் கண்ணாடி போட்டது அவரே?" என்று கேட்டார் சின்னமணி.

"கழட்டாமல் போனவர்தானே!" என்றார் தலைவர். "ரெண்டாவது, பவளராணி. அறையில லைட்டைப் போட்டு எறியிறவனுக்குக் குறி காட்டினது ஆர்?"

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பவளராணி எழும்பினாள். அவள் வந்தது யன்னலை அடைக்கக் காகித மட்டை வெட்ட ஒரு பிளேட் கேட்க.

"அண்ணை, எண்பத்துமூண்டுக் கலவரத்தில எங்கட வீட்டைக் கொளுத்தேக்கை நாட்டுத் தலைவர் நாலைஞ்சு நாள் வாயே திறக்கேல்லை. பிறகு வந்து, பிழை எங்களிலதான் எண்டவர். நீங்கள் மூண்டாம் நாளே சொல்லிப்போட்டியள். டென்மார்க்குக்கு வந்து நல்லாத்தான் முன்னேறியிருக்கிறம்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "பாத்தீரே? பாதிக்கப்பட்ட பிள்ளையே பாராட்டுது. செல்வா, ஒரு சொல் விடாமல் குறியும்!"

செல்வரட்ணம் ஓட்டை விழுந்த தாளைத் திருப்பி, அடுத்த பக்கத்தில் ஒரு சொல் விடாமல் எழுதினார். பவளராணி வியாழக்கிழமை வந்து சொன்னதையும் அதன் கீழே திரும்ப எழுதினார். பிறகு சட்டைப் பையிலிருந்த பிளேட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"தலைப்பு என்ன போட்டனீர்?" என்று கேட்டார் தலைவர்.

"புதுசாய் ஒண்டும் இல்லை அண்ணை. நீங்கள் அண்டைக்கு எழுதச் சொன்னதுதான். 'முழுப் பொறுப்பு: தலைவர் இராசநாயகம்.'"